பேட்டரியக் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர் விவசாயப் பக்கத்துல தோட்டத்துல வெக்கற சென்சார் பெட்டியப் பத்தி வந்திருந்துச்சு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா சார்ஜ் சீக்கிரம் எறங்குச்சுன்னா பெரிய பேட்டரியா மாத்திக்கங்கன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல. நானும் அதையேதான் பண்ணி காச வுட்டவனுங்க.

நமக்கு கோபி பக்கம் மஞ்சக் காடு. கெணத்துல தண்ணி மட்டம் பாக்க நானே ஒரு பெட்டி செஞ்சு வெச்சேன், அரை மணிக்கொருக்கா முழிச்சு லோரா ரேடியோவுல (கம்மி கரண்டுல தூரமாச் சேதி அனுப்பற ரேடியோங்க) வூட்டுக்குச் சொல்லிட்டு மறுக்கா தூங்கிக்கும். உள்ள சார்ஜ் ஏத்தற லித்தியம் செல்லு, 18650ங்கறது, ஒண்ணே ஒண்ணு, கொள்ளளவு 2600 மில்லி ஆம்பியர் அவர், அதாவது ஒரு மில்லி ஆம்ப் இழுத்தா 2600 மணி நேரம் வரும். இருபத்தி ஒண்ணாம் நாளு படுத்துருச்சு. போர்டு வித்த கடைக்காரரு ரெண்டு செல்லாப் போடுங்கன்னாரு, போட்டேன், நாப்பது நாளைக்கு மேல தாங்கல.

ஒரு நா ராத்திரி மல்டிமீட்டர சீரிஸ்ல, கரண்டு அது வழியாப் போறாப்ல வெச்சுப் பாத்தா, பெட்டி தூங்கறப்பவே 5 மில்லி ஆம்ப் போய்ட்டே இருக்குது. சிவப்பு எல்.ஈ.டி.ய மொத நாளே புடுங்கிட்டேன், அப்புறம் யாருடா குடிக்கறதுன்னு ஒவ்வொண்ணாக் கழட்டுனா, செல்லோட வோல்ட்ட போர்டுக்கு வேண்டிய 3.3 வோல்ட்டா எறக்கிக் குடுக்கற அந்த 1117ங்கற ரெகுலேட்டர் சிப்புதானுங்க! லோடே இல்லீனாலும் சும்மா நிக்கறதுக்கே அதுக்கு 5 மில்லி வேணும். 2600ஐ 5ல வகுத்துப் பாருங்க, 520 மணி நேரம், இருபத்தி ஒண்ணரை நாளுக்குக் கொஞ்சம் மேல. கேட்வால்வு கசியறத வுட்டுப்போட்டு தொட்டியப் பெருசாக் கட்டிட்டு இருந்திருக்கறேன்.

இன்னொண்ணும் இருக்குதுங்க. புட்வால்வுக்கு மேல கொஞ்சம் தண்ணி நின்னாத்தான மோட்டார் இழுக்கும், அதாட்ட இந்த ரெகுலேட்டருக்கும் வெளிய குடுக்கற வோல்ட்டுக்கு மேல சுமாரா ஒரு வோல்ட் உள்ள நிக்கோணும். அப்பிடின்னா 4.3 ஆச்சு, முழுசா சார்ஜ் ஏத்துன செல்லே 4.2தான்!

இப்ப அதுக்குப் பதிலா எச்.டி. 7333ன்னு வேற ரெகுலேட்டரு போட்டிருக்கறேன், சும்மா நிக்கறப்ப 4 மைக்ரோ ஆம்ப்தான் (ஆயிரம் மைக்ரோ சேந்தாத்தான் ஒரு மில்லி) எடுக்கும், சின்ன லோடுக்கு 0.1 வோல்ட் மேல இருந்தாப் போதும். மாத்தறவங்க கால் வரிசையப் பாத்துக்கோங்க, 1117ல நடுக்கால் அவுட்புட், இதுல நடுக்கால் இன்புட், தெரியாம ஒண்ண வீணாக்குனேன். 250 மில்லி ஆம்புக்கு மேல இது தாங்காது, அதனால வைஃபை போர்டுக்கு இத நம்பாதீங்க.

பாலிடெக்னிக் படிக்கற எம் மச்சினன் பையன், இந்த மாதிரி லீனியர் ரெகுலேட்டருன்னா மிச்ச வோல்ட்ட சூடாக்கியே தீத்துரும் மாமா, வேகமா ஆன் ஆஃப் பண்ணியே வோல்ட்ட எறக்கற ஸ்விட்சிங் ரெகுலேட்டரு போடுங்கன்னான். 12 வோல்ட்டுலருந்து 3.3க்கு எறக்கறதுன்னா அவஞ் சொல்றது சரி, இந்த செல்லு சராசரியாக் குடுக்கற 3.7லருந்துன்னா நூத்துக்கு 89 பங்கு வந்து சேந்துருதே, அப்பறம் என்னத்துக்கு?

ஆடிப்பெருக்கன்னைக்கு வெச்ச ஒத்தச் செல்லு, பொங்கலுக்குப் பாத்தப்ப மீட்டர் 4.05 வோல்ட் காட்டுச்சு. ஃபேனுக்கு ஸ்டார் ஒட்டறாப்ல, இந்த போர்டு விக்கறவங்களும் தூங்கறப்ப எத்தன மைக்ரோ ஆம்ப் இழுக்கும்னு கவர் மேல ஒரு வரி போட்டாத்தான் என்னங்க? நீங்களும் அடுத்த வாரம் அந்தப் பெரிய பேட்டரி வரிய மட்டும் திருத்திப் போடுங்க.

இப்படிக்கு,
கோபி பக்கத்து மஞ்ச வெவசாயி