ஞானப்பல் எடுக்கும் முன் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருப்புக்கோட்டையில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தவர்கள் மூன்றாம் நாள் கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கடைக்கு வருவார்கள். "அக்கா, நேத்தைக்கு இன்னைக்கு வீக்கம் கூடிருச்சு. செப்டிக் ஆயிருச்சா? வேற ஆன்டிபயாடிக் இருந்தா குடுங்க" என்பார்கள். பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். கையில் உள்ள சீட்டில் மாத்திரைப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே வடியும் என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும், வாய் மரத்துப்போய் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் சொல்லியிருப்பார்கள். அது எப்படி மனதில் நிற்கும்?

என் மகளுக்குக் கீழ்த்தாடை ஞானப்பல் எலும்புக்குள் படுத்தவாக்கில் முளைத்து, முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தது. பாதி மூடிய ஈறுக்குள் சோறு போய் அடைந்து அடிக்கடி சீழ் பிடிக்கும். வாயைத் திறக்கவே முடியாது. மதுரையில் அவளைப் பார்த்த மருத்துவர் முழுத்தாடை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பல்லின் வேருக்கு அடியில் நரம்பு ஓடும் பாதையைக் காட்டினார். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அது. சிலருக்கு அந்த இடம் சில வாரங்கள், ஏன் சில மாதங்கள்கூட மரத்திருக்கலாம், பெரும்பாலும் சரியாகிவிடும், மிகச் சிலருக்கு அப்படியே நின்றுவிடவும் கூடும் என்று மறைக்காமல் சொன்னார். கேட்ட பிறகுதான் என் மகளுக்குப் பயம் குறைந்தது.

"ஊசி போட்டபின் வலி தெரியாது. ஆனால் அழுத்துவது தெரியும், மெஷின் சத்தம் தாடை முழுக்க அதிரும். ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைத் தேய்த்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுப்பேன். வலித்தால் கையைத் தூக்கு, இன்னும் ஊசி போடுகிறேன்" என்றார். இதைத் தெரியாமல் நாற்காலியில் உட்காருகிறவர்கள், அந்த அழுத்தம் தெரிந்ததுமே மருந்து வேலை செய்யவில்லை என்று அலறுகிறார்கள். பிறகு ஊர் முழுக்க அந்தக் கதை பரவி, அடுத்தவர் பல்லைக் காட்டாமல் வலி மாத்திரையிலேயே காலம் ஓட்டுகிறார்.

பல் எடுத்த குழியில் உறையும் ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. அதைக் காப்பாற்றுவதே முதல் சில நாட்களின் முழு வேலை. நம் ஆட்களுக்கு எச்சிலைத் துப்பாமல் இருக்க முடியாது. எச்சிலில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலும் வாயெல்லாம் சிவப்பாகத் தெரியும், உடனே காறித் துப்புவார்கள், உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும், மறுபடி ரத்தம் வரும். துப்பக் கூடாது, எச்சிலை விழுங்கிவிட வேண்டும். பஞ்சை அழுத்திக் கடித்தபடி முக்கால் மணி நேரமாவது இருக்க வேண்டும். இளநீர் குடித்தால் நல்லதென்று வாங்குவார்கள், கடைக்காரர் ஸ்ட்ராவைச் சொருகிக் கொடுப்பார். உறிஞ்சினால் அந்த இழுப்பிலேயே ரத்தக்கட்டி கழன்றுவிடலாம். டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட், வாயில் அதக்கும் புகையிலை எதுவும் கூடாது.

கட்டி கழன்றால் எலும்பு வெறுமையாகிவிடும். குறைந்துகொண்டிருந்த வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று ஏறி, காது வரை இழுக்கும். வாய் நாறும். எந்த வலி மாத்திரைக்கும் சரியாக அடங்காது. இதற்கு ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி மருத்துவரிடமே அனுப்புகிறேன். குழியைக் கழுவி, மருந்து தோய்த்த திரியை வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே ஆறுதல் கிடைத்துவிடும். இது தெரியாமல் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துத் தாமே திணித்துக்கொண்டு ஈறு வெந்துபோய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி மெல்ல ஆட்டி வழியவிடுவது, ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்ச்சோறு. இவ்வளவுதான். மரத்துப்போனது தெளியும்வரை சூடாக எதையும் சாப்பிட வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது.

மருந்தாளுநராக எனக்குப் பெரிய கவலை வேறு. இதய நோயாளிகள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாத்திரைகளைப் பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக் கசிவை மருத்துவரால் கட்டுப்படுத்த முடியும். மாத்திரையை நிறுத்தியதால் வரும் மாரடைப்பும் பக்கவாதமும் உயிரையே வாங்கிவிடலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டிருந்தால், போட்டு வருடங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இன்னொன்று, ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு போய்விடுகிறார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதானால் பொதுவாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதானால்தான் பட்டினி. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் அந்த நாட்களில் மது அறவே கூடாது. இதை ஆண்களிடம் சொல்லும்போது அவர்கள் வீட்டுப் பெண்களும் காதில் வாங்கும்படி சத்தமாகவே சொல்கிறேன்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று இன்றும் வயதானவர்கள் தடுக்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. அதே சமயம் தொந்தரவே தராத ஞானப்பல்லை எல்லாருக்கும் எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. எந்தச் சிகிச்சை தேவை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2000-லேயே, நோய் இல்லாத புதைந்த ஞானப்பற்களை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் கோரிக்கை எளிது. இவற்றையெல்லாம் பெரிய எழுத்தில், பேசுகிற தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, அறுவைக்குச் சில நாட்கள் முன்பே நோயாளி கையில் கொடுக்க வேண்டும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களே இதை எழுதித் தரலாம். சுகாதாரத் துறை அதை எல்லா அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளுக்கும் அனுப்பலாம். தனியார் கிளினிக்குகள் படியெடுத்துக்கொள்ளட்டும், எங்களைப் போன்ற மருந்துக்கடைகளும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

அந்தத் தாளின் அடியில் கட்டம் கட்டி ஒன்று இருந்தாக வேண்டும்: வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு திணறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே, அறுவை செய்த மருத்துவரை இரவிலும் கூப்பிடக்கூடிய தொலைபேசி எண்ணைக் கையால் எழுத ஒரு காலியிடம் விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
அருப்புக்கோட்டை.