கறிவேப்பிலைப் புழுவுக்காக ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். புது வீட்டின் கொல்லையில் நட்ட கறிவேப்பிலைக் கன்றின் கொழுந்தையெல்லாம் புழு மொட்டையடித்துவிட்டது என்றும், உரக்கடையில் மருந்து வாங்கி வைத்திருப்பதாகவும், எத்தனை மில்லி கலந்து அடிப்பது என்றும் முந்தாநாள் போனில் கேட்டாய். கடிதம் எழுதுகிறேன், அதுவரை பொறு என்று மட்டும் சொன்னேன். இதே கேள்வியைக் கேட்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் காணும்படி எழுதுகிறேன்.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் அந்தக் கன்றின் அருகில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார். கொழுந்தின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால், அதைத் துடைத்துவிடாதே. அதுதான் இளம்புழு. எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? அந்த வேடத்தில்தான் அது முதல் சில நாள்களைக் கடத்துகிறது. சிலமுறை தோலுரித்து வளர்ந்தபின் இலையின் பச்சைக்கே மாறி, முன்பக்கத்தில் பெரிய கண்களைப் போன்ற புள்ளிகளோடு பாம்புக்குட்டியின் தலையைக் காட்டி மிரட்டும். ஓர் ஈர்க்கால் மெதுவாகத் தொட்டுப் பார். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை போன்ற உறுப்பு ஒன்று புடைத்து வெளியே வரும், காட்டமான வாடையும் அடிக்கும். கையை எடுத்துவிட்டால் அது உள்ளே போய்விடும். உன்னை அது எதுவும் செய்யாது.

இந்தப் புழுதான் பிறகு கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியாகிறது. பெண்பூச்சி கன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை அறிந்து, தன் பிள்ளைகள் தின்னக்கூடிய இலைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே, கடுகளவு முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்லும். இதிலும் ஒரு வேடம் உண்டு. சிவப்புடல் அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சி, புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்து வைத்திருப்பதால், பறவைகள் அதை ஒதுக்கிவிடுகின்றன. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல், அதன் சிறகு நிறங்களை அப்படியே அணிந்துகொண்டு தப்பிக்கிறது. இரண்டையும் பிரித்தறிய உடலைப் பார்த்தால் போதும்: உடல் சிவந்திருந்தால் நஞ்சுடையது, கறுத்திருந்தால் உன் கறிவேப்பிலை மாதிரி ஒரு செடியில் வளர்ந்தது.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்வது பட்டாம்பூச்சிக்காக மட்டும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு எலுமிச்சைக்கு நானே மருந்து அடித்தேன். அப்போது பக்கத்துக் கொய்யாவில் தையல்சிட்டு ஒன்று, இரண்டு இலைகளின் ஓரங்களைத் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டியிருந்தது. தாயும் தந்தையும் மாறி மாறி எலுமிச்சையிலிருந்து புழு கொண்டுபோவதை நான் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்த்துக்கொண்டே அடித்தேன். மூன்றாம் நாள் கூட்டில் அசைவில்லை. உள்ளே இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அதன் பிறகு இந்த வீட்டில் மருந்து நுழையவில்லை.

பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் ஊட்டுகிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் அப்படியே. புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது. புழுவெல்லாம் பட்டாம்பூச்சியாகிவிடும் என்றும் அஞ்சாதே. பெரும்பாலானவை பறவைக்கும் எறும்புக்கும் குளவிக்கும் இரையாகின்றன. தண்டில் சாய்ந்து, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு தொங்கும் கூட்டுப்புழுக்களிலும், சிலவற்றில் சிறு துளை விழுந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகப் பொடிக் குளவிகள் வெளிவருவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் வருத்தமாக இருந்தது. மருந்து செய்ய வேண்டியதைச் செலவில்லாமல் செய்பவை அந்தக் குளவிகள்தாம் என்பது பிறகே புரிந்தது. கன்று உயரும்வரை ஒரு கிளையைப் புழுவுக்கு விட்டுவிட்டு, மற்றக் கிளைகளில் இருப்பவற்றைக் கையால் எடுத்து அந்தக் கிளைக்கு மாற்றிவிடு. குழம்புக்கு மிச்சம் இருக்கும்.

கொல்லையில் கண் பழகிவிட்டால் ஊர்ப்புறமும் வேறாகத் தெரியும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான், தேனீயைப் பிடித்து வந்து கம்பியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிய பிறகே விழுங்கும். கிணற்றின் மேல் சாய்ந்த கருவேல மரத்தில் ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதிவரை பின்னிவிட்டுச் சிறகடித்து அழைக்கும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பறவையியலாளர் சாலிம் அலி 1930 வாக்கில் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, வீட்டருகே இருந்த மரத்துக் கூடுகளை மாதக்கணக்கில் பார்த்துத்தான், ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் கட்டிப் பல பெண்களோடு குடும்பம் நடத்துவதை எழுதினார். வீட்டை விட்டு வெகுதூரம் போய்க் கண்டது இல்லை அது.

நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போனது நினைவிருக்கும். மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டியிருக்க, அந்த மக்கள் எச்சத்தைக் குறை சொல்லாமல் வயலுக்கு உரமாக அள்ளிப் போட்டார்கள். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, குஞ்சுக்கு எப்போது இறக்கை முளைக்கும் என்று அங்கிருந்த பாட்டி ஒருவரிடம் விடாமல் கேட்டாய்.

பார்ப்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வை. பொங்கலுக்கு நீ இங்கே வந்துவிடு. 2015 முதல் அந்த நாள்களில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு, ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே போதும். நாம் இருவரும் குளத்தங்கரையில் நின்று எண்ணுவோம். வாங்கிய மருந்தை மூடி திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. கூட்டுப்புழுவின் தோல் மெலிந்து உள்ளே சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
பெரியம்மா