ஸ்கேட்டிங்கில் 15 வயது கடைசி எல்லை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸில் குதித்தும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனைகளைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையைப் படித்தால், 15 வயதுக்குள் உச்சத்தைத் தொடாத பெண்ணுக்கு இனி வழியில்லை என்றே தோன்றும். நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்துப் பெற்றோர் ஏற்கெனவே அந்த அவசரத்தில்தான் இருக்கிறார்கள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

விதியே மாறிவிட்டது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-ல் எடுத்த முடிவின்படி, சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயது 15-லிருந்து 2023-24 பருவத்தில் 16, அடுத்த பருவத்தில் 17 என உயர்ந்தது. டியானா ஸ்டெல்லாட்டோ-டுடெக் என்ற வீராங்கனை 2000-ல் உலக ஜூனியர் வெள்ளி வென்றவர். இடுப்புக் காயத்தால் விலகி, பல வருடம் கழித்துத் திரும்பி, 2024-ல் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 40.

காயம் ஏன் வருகிறது? ஆக்செல், லட்ஸ், ஃபிளிப், லூப், சால்கோ, டோ லூப் என்ற ஆறு ஜம்ப்பும் எப்படிக் கிளம்பினாலும் இறங்குவது ஒரே காலில், பின்னோக்கி, வெளி எட்ஜில்தான். எட்ஜ் என்பது ஸ்கேட் சாய்ந்து ஓடும் ஓரம்; காலின் வெளிப்பக்க ஓரம் வெளி எட்ஜ், மறு காலைப் பார்த்த ஓரம் உள் எட்ஜ். பெரும்பாலோருக்கு இறங்கும் கால் வலது கால். எலும்பு வளர்கிற வயதில் அந்த ஒரு கணுக்கால், முழங்கால், இடுப்பு மட்டும் தினமும் அடி வாங்குகிறது. வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு ஜம்ப்பை நிறுத்துங்கள்; எட்ஜ் பயிற்சி போதும்.

எங்கள் பக்கம் ஐஸ் கிடையாது. சிமென்ட் தளமும் நாலு சக்கர குவாட் ஸ்கேட்டும்தான். அதிலும் அடிப்படை அதேதான். லட்ஸ் பின்னோக்கிய வெளி எட்ஜிலிருந்து கிளம்ப வேண்டும். அவசரமாகக் கற்ற பிள்ளை குதிக்கும் நொடியில் உள் எட்ஜுக்குச் சாய்ந்துவிடும். அது ஃபிளிப்பின் எட்ஜ். ஐஸ் போட்டியில் நடுவர்கள் அதற்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். பழகிப்போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஷூ விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் தவறுகிறார்கள். "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் குதிகால் தூக்கும், இறங்கும்போது கணுக்கால் பிசகும். சாதாரண ஷூவின் மேல் பட்டை போட்டுக் கட்டுகிற, நீளம் கூட்டிக் குறைக்கிற ஸ்கேட்டில் ஜம்ப்பே கூடாது. சக்கர அச்சுக்கு மேலுள்ள ரப்பர் குஷனின் நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்கேட் எட்ஜுக்குச் சாயாது, தளர்த்தினால் ஆடும். பிள்ளையின் எடைக்கேற்பப் பயிற்சியாளர் பார்த்து வைக்க வேண்டிய வேலை அது. தளத்தைப் பெருக்கினால் மட்டும் போதாது, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். ஒரு சின்னக் கல் சக்கரத்தை நிறுத்தினால் பிள்ளை முகங்குப்புற விழும்.

ஐஸ் இல்லாமல் யார் சாதித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில், ரோலர் ஸ்கேட்டிங்கின் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் (சக்கரத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்) தனியாகவும் அவனி பஞ்சாலுடன் ஜோடியாகவும் இரண்டு வெண்கலம் வென்றார். அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். வகுப்பில் சேர்க்குமுன் பெற்றோர் கேட்க வேண்டியது "எப்போது ஜம்ப் சொல்லித் தருவீர்கள்" என்பதல்ல. "ஒரு மணி நேரத்தில் எட்ஜுக்கு எத்தனை நிமிடம்" என்பதே என்று அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கேட்டிங் பயிற்சியாளர்,
நகரி.