கல்லறையில திருவிழாவா? யூதர்களுக்குள்ளயே ஒரே பேச்சு கிடையாது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல வாசகர் ஒருத்தர் எழுதின கடிதத்தைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு, அதான் எழுதுறேன். சமாதியில குருபூஜைன்னு மேளம் அடிச்சு சோறு போடுறதெல்லாம் படிக்காத சனங்க பழக்கமாம், உலகத்துலயே மூளைக்காரங்கன்னு பேர் வாங்கின யூதர்கள் பொணம் புதைச்ச இடம்னாலே தீட்டுன்னு கிட்ட போகமாட்டாங்களாம், நாம அவங்கள பாத்து கத்துக்கணுமாம். அதே கடிதத்துல நாலு வரி தள்ளி, 2021ல இஸ்ரேல்ல கல்லறை விழாவுல 45 பேர் நெரிசல்ல செத்தாங்களே, பக்தி முத்தினா இதான் கதின்னும் எழுதியிருக்காரு. கிட்டவே போகாதவங்க எப்படிங்க அங்க போய் கூட்டத்துல மாட்டுனாங்க? ரெண்டுல ஒண்ணுதானே உண்மையா இருக்க முடியும்.

நான் பினாங்குல கிராப் வாடகைக் காரு ஓட்டுறேன், படிச்சது அஞ்சாம் பாரம் வரைக்கும்தான். ஆனா இந்த விஷயம் எனக்கு கொஞ்சம் தெரியும், தெரிஞ்ச விதத்தைச் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்ன ஒரு புருஷன் பொண்டாட்டி, அறுபது வயசு தாண்டினவங்க, ஜாலான் சைனல் அபிடின் போகணும்னு ஏறுனாங்க. அந்த ரோட்டுக்கு பழைய பேரு ஜாலான் யஹூடி, நம்ம பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1805ல இருந்து யூதர் இடுகாடு அங்கதான் இருக்கு, பாக்தாத் பக்கம் இருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பங்கதான் நிறைய, கடைசியா ஒருத்தர அடக்கம் பண்ணது 2011ல. வாசல்ல காடிய நிறுத்துனா அந்த அம்மா மட்டும் இறங்கி உள்ள போறாங்க, ஐயா கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு. வெயில் மண்டைய பொளக்குது. உள்ள போங்க சார் நிழல் இருக்குன்னு சொன்னேன். இல்லப்பா நான் கோஹென், போகக்கூடாதுன்னாரு. கோஹென்னா அவங்க பழைய கோயில்ல பூசை பண்ண ஆரோன் வம்சம், இன்னைக்கு கோயில் இல்லைன்னாலும் அந்த குலத்துல பொறந்த ஆம்பளைங்க, நெருங்கின சொந்தக்காரங்க சாவு தவிர, பொணத்துக்கிட்ட போகக்கூடாதுன்னு வேதத்துலயே இருக்கு. கேட்டு வழியா பாத்தா அந்த அம்மா தலையில ஸ்கார்ப் கட்டிக்கிட்டு ஒவ்வொரு கல்லா குனிஞ்சு பேர் படிக்கிறாங்க, கூரை மாதிரி முக்கோணமா மூடுன பழைய கல்லறைங்க அதெல்லாம். கீழ இருந்து ஒரு சின்ன கல்லு எடுத்து மேல வச்சாங்க. பூ இல்ல, அவங்க வழக்கம் கல்லுதான்.

காத்திருந்த நேரத்துல அந்த ஐயா பேசினாரு. தாத்தா லித்துவேனியாவாம், பொண்டாட்டி வீடு மொராக்கோவாம், கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலையாம். இவரு வீட்டுல பெரியவர் நினைவு நாள்னா மெழுகுவத்தி ஏத்தி வேதநூல்ல ஒரு பக்கம் உக்காந்து படிப்பாங்க, அதோட சரி. அந்த அம்மா வீட்டுல அது ஹில்லுலா. பாட்டி ஊரு எஸ்ஸாவிரா, அங்க ஹய்யிம் பிந்தோன்னு ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, அவரு சமாதி, அதுக்கு குடும்பத்தோட போய் ஆடு அறுத்து, அத்திப்பழ சாராயம் வச்சு, பாட்டு பாடி, சாமியார் பேர்ல மெழுகுவத்தி ஏலம் விடுவாங்களாம். யாரு அதிகம் கேக்குறாங்களோ அவங்க ஏத்துவாங்க, காசு தர்மத்துக்கு போகும். நம்ம கோயில் ஏலம் மாதிரியேதான் எனக்கு கேட்டுச்சு. மொராக்கோவுல சில சாமியாருங்கள யூதர், முஸ்லிம் ரெண்டு பேருமே கும்பிட்டிருக்காங்க.

ஹில்லுலான்னா அவங்க பாஷையில கல்யாணம்னு அர்த்தம். பெரியவர் செத்த நாள் அவரோட ஆத்மா கடவுள்கிட்ட போய்ச் சேருற கல்யாண நாள், அதனாலதான் அழாம கொண்டாடுறாங்க. இதை என் கூட்டாளிகிட்ட சொன்னேன், அவன் தமிழ் முஸ்லிம், நாகூர் ஆண்டவர் கந்தூரின்னா சூலியா ஸ்ட்ரீட் தர்காவுல முதல் ஆளா நிப்பான். அட, நாங்க சொல்ற உரூஸுக்கும் அரபியில கல்யாணம்னுதான்டா அர்த்தம்னான். அவன் கூடப்பொறந்த தம்பி தர்கா பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டான், மார்க்கத்துல இல்லாததுன்னு சொல்லுவான். ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்காங்க, ஒரே பள்ளிவாசல்லதான் தொழுறாங்க.

அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சேன். வேண்டாம்னு சொன்னவங்க சாதாரண ஆளுங்க இல்ல. 1204ல செத்துப்போன மைமோனிடீஸ், அவங்க சட்டத்தையே தொகுத்து எழுதின மகான், நல்லவங்களுக்கு சமாதி கட்டாதீங்க, அவங்க சொன்ன வார்த்தைதான் அவங்க ஞாபகம், கல்லறை கல்லறையா போகாதீங்கன்னு எழுதி வச்சாரு. மோசே எங்க புதைக்கப்பட்டாருன்னு இன்னைக்கு வரை யாருக்கும் தெரியாதுன்னு அவங்க வேதமே சொல்லுது. செத்தவங்கள கூப்பிட்டு கேக்காதேன்னும் வேதத்துல இருக்கு. ஆனா அதே சனங்களோட தால்முத்துங்கிற பழைய சட்ட விளக்க நூல்ல, மோசே காலத்து காலேப் ஹெப்ரோன் ஊருக்குப் போய் முன்னோர் கல்லறையில விழுந்து வேண்டினான்னும், மழை இல்லாத காலத்துல விரதம் இருந்து இடுகாட்டுக்கு போனாங்கன்னும் இருக்கு. ஏன் போனாங்கன்னு கேட்டா அங்கயே ரெண்டு பதில், நாமளும் செத்தவங்களுக்கு சமம்னு பணிவா நிக்கிறதுக்குன்னு ஒருத்தர், செத்தவங்க நமக்காக கடவுள்கிட்ட கேப்பாங்கன்னு இன்னொருத்தர். அந்த சண்டை இன்னும் தீரல. மைமோனிடீஸோட கல்லறையே இன்னைக்கு திபேரியாஸ்ல சனங்க கூட்டமா போற இடம்.

அந்த வாசகர் சொன்ன விபத்து நடந்தது மேரோன் மலையில. ரெண்டாம் நூற்றாண்டுல ரோமானியருக்கு பயந்து மகனோட குகையில 13 வருஷம் ஒளிஞ்சிருந்தாரே ஷிமோன் பார் யோஹாய், அவரு சமாதி. லாக் பாஓமர்ங்கிற அவங்க விசேஷ நாள்ல பெரிய பெரிய நெருப்பு மூட்டி ராத்திரி பூரா ஆடுவாங்க. மூணு வயசு ஆன ஆம்பள புள்ளைக்கு முதல் முடி அங்க எடுப்பாங்க. தைப்பூசத்துக்கு புள்ளைய தூக்கிட்டு வந்து மொட்டை போட்டு சந்தனம் பூசுற நாம இதைப் பாத்து என்னத்த சிரிக்க முடியும்? 19ம் நூற்றாண்டுல இதை கேள்வி கேட்டவரு மோசஸ் சோபர்னு பிரெஸ்புர்க் ஊர் பெரிய ரப்பி, எந்த அதிசயமும் நடக்காத, தால்முத்துல சொல்லாத ஒரு நாளை எப்படி பண்டிகை ஆக்குவீங்கன்னாரு. நல்ல துணியெல்லாம் நெருப்புல போடுறாங்களே, அது வீணடிக்கிற பாவம் இல்லையான்னு இன்னொரு ரப்பி கேட்டாரு. விழா நிக்கல.

உமான்னு உக்ரேன்ல ஒரு ஊரு, 1810ல செத்த நஹ்மான் ரப்பி சமாதி, அவங்க புத்தாண்டுக்கு ஆயிரம் ஆயிரமா போறாங்க, போர் நடக்கும்போதும் போனாங்க. பண்டிகை அன்னைக்கு பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு அங்க என்ன வேலைன்னு கேக்குறவங்களும் யூதர்கள்தான். மொராக்கோ, ஈராக் மாதிரி நாட்டு யூதர்களுக்கே பெரிய தலைவரா இருந்த ஒவாடியா யோசெப் கூட அந்த பயணத்தை ஏத்துக்கல. அதனால மொராக்கோக்காரன்னா கும்பிடுவான், ஐரோப்பாக்காரன்னா கும்பிடமாட்டான்னு கோடு போட்டும் பிரிக்க முடியாது, உமான் போற வழக்கமே ஐரோப்பா யூதர்கள்ல ஆரம்பிச்சதுதானே. கோஹென் குலத்துலயே சிலபேரு, மகான் சமாதிக்கு தீட்டு கிடையாதுன்னு சொல்லி போறாங்களாம். அந்த ஐயா அதை ஒத்துக்கல, மேல கை காட்டி, சட்டம்னா சட்டம்னாரு.

எனக்கு நெஞ்சுல தச்சது இன்னொண்ணு. 1950கள்ல, 60கள்ல மொராக்கோ யூதர்கள் லட்சக்கணக்குல இஸ்ரேல் போனாங்க, சாமியார் சமாதியெல்லாம் மொராக்கோவுலயே நின்னுபோச்சு. போன எடத்துல, உங்க கும்பிடு பழமைவாதம், நாகரிகம் இல்லாததுன்னு ஐரோப்பா யூதர்கள் கேவலமா பேசினாங்க. அப்ப என்ன நடந்துச்சுன்னா, 1973ல இஸ்ரேல்ல ஸஃபெத் ஊர்ல ஒரு ஏழை காட்டுவேலை தொழிலாளி கனவுல, மொராக்கோ அட்லஸ் மலையில சமாதி இருக்குற தாவீத் உ மோஷேங்கிற சாமியார் வந்து உன் வீட்டுக்கே வந்துட்டேன்னு சொன்னாராம். அடுக்குமாடி வீட்ல ஒரு ரூம ஒதுக்கி அவரு பேர்ல வச்சாரு அந்த மனுசன், அங்கயே வருஷா வருஷம் ஹில்லுலா நடந்து சனங்க குவிஞ்சாங்க. 1984ல பாபா சாலின்னு ஒரு மொராக்கோ ரப்பி நெத்திவோத்ல இறந்தாரு, அவரு சமாதி இன்னைக்கு அந்த நாட்டுலயே பெரிய யாத்திரைத் தலங்கள்ல ஒண்ணு.

எங்க பாட்டன் கெடா பக்கம் கித்தா, அதான் ரப்பர், தோட்டத்துக்கு வந்தப்ப ஊர் முனியாண்டி கோயில்ல ஒரு பிடி மண்ண துணியில முடிஞ்சு கொண்டாந்தாருன்னு எங்க அப்பா சொல்லுவாரு. முதல்ல ஒரு கல்லு, ஒரு சூலம், அப்புறம் தகரக் கொட்டகை. அதையும் படிச்சவங்க காட்டுமிராண்டின்னு சொன்னாங்க. அந்த ஸஃபெத் தொழிலாளி கதைய படிச்சப்ப எனக்கு எங்க பாட்டன்தான் கண்ணு முன்ன வந்தாரு. யூத நாடு பாலஸ்தீனத்துல பண்றதுல எனக்கு இருக்குற கோபம் வேற, அது இதோட சேராது. வெளியூருக்கு சாமிய தூக்கிட்டு போற ஏழை எங்க இருந்தாலும் எனக்கு சொந்தக்காரன்தான்.

அந்த அம்மா திரும்பி வந்து கை கழுவ தண்ணி கேட்டாங்க, இடுகாட்டுல இருந்து வந்தா கழுவணுமாம், காடியில இருந்த பாட்டில குடுத்தேன். ஐயா கேட்டது ஒண்ணே ஒண்ணு, எனக்கும் ஒரு கல்லு வச்சியா. வச்சேன்னாங்க.

மேரோன்ல செத்த 45 பேர் விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதைத்தான் அந்த வாசகர் பக்தி மேல போட்டிருக்காரு. அவங்க செத்தது ஆடினதால இல்ல. விழா எடத்துல இருந்து வெளிய வர்ற குறுகலான சரிவு வழி, கீழ வழுக்குற இரும்புத் தகடு, முடியுற எடத்துல படி. முன்னால போனவங்க விழ, பின்னால வந்தவங்க அவங்க மேல விழுந்தாங்க. இந்த எடம் ஆபத்துன்னு அரசாங்க தணிக்கை அதிகாரி 2008லயும் 2011லயும் எழுதிக் குடுத்திருக்காரு, யாரும் காதுல வாங்கல.

நம்ம பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில்ல 513 படி. தைப்பூசம் அன்னைக்கு காவடி மேல ஏற, தரிசனம் முடிச்சவங்க கைக்குழந்தையோட கீழ இறங்க, பக்தருங்க காலுக்கு ஊத்துற தண்ணி படியெல்லாம் ஓடுது. போன வருஷம் என் மாமியார் அதுல வழுக்கி உக்காந்துட்டாங்க, நல்லவேளை பின்னால நின்ன சீனப் பையன் பிடிச்சுக்கிட்டான். சமாதியில மேளம் அடிக்கலாமா வேணாமான்னு உங்க பத்திரிகையில நாலு வாரமா கடிதம் வருது. இறங்குறதுக்குத் தனி வழி, படி ஓரத்துல கைப்பிடி, ஈரமா இருக்குற எடத்துல சாக்கு விரிக்க நாலு தொண்டர், இதைப் பத்தி ஒரு வாரமாவது எழுத எடம் குடுங்க ஐயா. சாக்கு நான் கொண்டாறேன், ஆளும் கூட்டிட்டு வரேன்.

இப்படிக்கு,
ஒரு கிராப் ஓட்டுநர்,
புலாவ் தீக்குஸ், பினாங்கு.