இரவு 2 மணிக்கு டவர் எதற்கு விழித்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் டவர்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுப்பது பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் வருகிற மின்சாரம் எப்படிச் செலவாகிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

மொபைல் நெட்வொர்க்கின் மின்செலவில் பெரும்பங்கு டவர்களுடையது. நாங்கள் வேலை பார்த்த 2ஜி காலத்தில் சிக்கனம் என்றால் டவருக்குக் கீழே கருவிகளை வைத்திருக்கும் ஷெல்டர் அறைக்குள் ஓடும் ஏசியைக் கவனிப்பதுதான். செல்போன்களோடு பேசும் ரேடியோ கருவி பாட்டுக்கு ஓடும். யாரும் பேசாத நேரத்திலும் ‘இங்கே இருக்கிறேன்’ என்று அது குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 4ஜியில் இந்தக் குரல் மில்லி விநாடிக்கு ஒருமுறை. கருவி கண்ணயர, அதாவது சில பாகங்களை அணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்த, அவகாசமே குறைவு. 5ஜியில் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை போதும், 160 வரைகூட நீட்டலாம். தூங்குவதற்கான இடைவெளி இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

ஒரே டவரில் பல அலைவரிசைகள் உண்டு. தூரம் போகும் 900 மெகாஹெர்ட்ஸை விட்டுவைத்து, கூட்டத்தைச் சமாளிக்க வைத்திருக்கும் 3500 மெகாஹெர்ட்ஸை இரவில் அணைக்கலாம். அணைக்கும் வசதி பல கருவிகளில் ஏற்கெனவே உண்டு. சிக்கல் என்னவென்றால், பக்கத்து டவர் நிரம்பி வழிகிறதா காலியாக இருக்கிறதா என்ற முழுப் படம் எந்த ஒரு கருவிக்கும் தெரியாது. இதற்கான வழிதான் மென்பொருள்வழி மேலாண்மை. அதில் முடிவெடுக்கும் மூளையைக் கருவிப் பெட்டியிலிருந்து பிரித்து, பல டவர்களையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் வைக்கிறார்கள். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் அதன் சொல் கேட்பதற்கான பொது விதிகளை 2018இல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஓ-ரான் (O-RAN) கூட்டமைப்பு எழுதிவருகிறது.

எங்கள் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் இரவு 2 மணிக்குக் கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. பௌர்ணமியன்று அதே 2 மணிக்குக் கால் வைக்க இடமிருக்காது. கடிகாரம் பார்த்து அணைக்கும் டைமரை நம்பினால் அன்றைக்கு மானம் போய்விடும். கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நம் அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2012இலேயே, 2020க்குள் கிராமப்புற டவர்களில் 75 சதவீதமும் நகர்ப்புறத்தில் 33 சதவீதமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைச் சேர்த்து இயங்க வேண்டும் என்றார்கள். ‘2+2+2’ அமைப்புள்ள டவர் கருவி 500 வாட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்கள். அதாவது மூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரேடியோ. அசல் 2ஜிக் கணக்கு! நாட்டில் 5ஜி வந்ததே 2022 அக்டோபரில்தான். இன்றைய டவரை அந்த அளவுகோலால் எப்படி அளப்பது? ஒரு ஜிபி டேட்டாவுக்கு எத்தனை யூனிட் ஆகிறது, எத்தனை மணி நேரம் ரேடியோக்கள் தூங்குகின்றன என்ற கணக்கைக் கேட்கும்படி விதியை மாற்றி எழுத வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: எது தூங்கினாலும் அவசர உதவி எண் 112க்குப் போகும் அழைப்பு தடைபடக் கூடாது.

அடுத்த முறை உங்கள் நிருபர் ஏதாவது ஒரு நிறுவனத்தின் அதிகாரியைச் சந்தித்தால், சோலார் பேனல் எத்தனை என்று கேட்டபின் இதையும் கேட்கட்டும்: போன மாதம் உங்கள் டவர்கள் எத்தனை மணி நேரம் தூங்கின?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு ஊழியர்,
திருவண்ணாமலை