சோடாவில் கேஸ் ஏன் இறங்குகிறது

டர்பன், தென்னாப்பிரிக்கா
23 ஜூலை 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்கிறாள், நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

இன்று பக்கத்து மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். ஆடி மாதம் இங்கே குளிர்காலம். ஸ்வெட்டரோடு கூழுக்கு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆயாவின் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறி வந்தவராம். 1860-ல் தொடங்கிய கதை அது. ஆயாவுக்குத் தமிழில் பேச வராது. ஆனால் "கூழ்" என்று 'ழ'வைச் சுத்தமாகச் சொன்னார். நம் தெருவில் பாதிப் பேருக்கு வராத 'ழ'!

சரி, "பிளாஸ்டிக்கில் கேஸ் கரையுமா, அதென்ன சர்க்கரையா?" என்று சிரித்தீர்களே. நம் கடையிலேயே பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடி பாட்டில் சோடா பல நாள் கிடந்தாலும் சுருக்கென்று இருக்கும்; பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி திறக்காமலே கேஸ் இறங்கிவிடும். கரியமிலவாயு பாட்டில் சுவருக்குள் கரைந்து, மெல்ல வெளியேறுகிறது. எவ்வளவு கரையும் என்று முன்கூட்டியே கணக்குப்போடுவதுதான் என் பிழைப்பு.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்திருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். ஆறும்போது அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நெருங்கி உட்காருவதற்குள் உறைந்துபோவதால் உள்ளே நுண்ணிய காலியிடங்கள் தங்கிவிடுகின்றன. இங்கே பன்னி சௌ என்று விற்கிறார்கள், ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தருவது. குழம்பு முதலில் ரொட்டியின் ஓட்டைகளில் சட்டென்று இறங்கும், அப்புறம்தான் நிதானமாக ஊறும். வாயுவும் அப்படித்தான். பழைய கணக்கு இந்த இரண்டையும் தனித்தனியே எழுதிக் கூட்டிவிடும். அழகாகப் பொருந்தும், ஆனால் அளந்து முடித்த பிறகு! எனக்கு அது தைத்த சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் படுகிறது.

1996-ல் இத்தாலியின் பொலோன்யாவில் தோகியேரி, சார்த்தி என்ற இருவர் வேறு வழி கண்டார்கள். உறைந்த பிளாஸ்டிக் சமநிலையில் இல்லை. வெப்பமும் அழுத்தமும் தெரிந்தால் போதாது, எந்த அடர்த்தியில் உறைந்து நிற்கிறது என்பதும் வேண்டும் என்றார்கள். வேகமாக ஆறிய துண்டும் மெதுவாக ஆறிய துண்டும் ஒரே அளவு வாயுவை வாங்காது.

இதைப் படித்துவிட்டும் போன வாரம் தவறு செய்தேன். மின்வெட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் வால்வை அதிகம் திறந்து, 10 பார் அழுத்தத்தில் நிற்க வேண்டியதை 50-க்கு ஏற்றிவிட்டேன். வாயு புகுந்து, அளக்க வைத்திருந்த பிளாஸ்டிக் படலம் உப்பிவிட்டது. திரும்ப 10-க்கு இறக்கினால், முதலில் 10-ல் கரைந்ததைவிடக் கூடுதலாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பார்வைக்கு அதே துண்டு, என் கணக்குக்கு வேறு துண்டு. இனி புதுப் படலம் ஊற்றி, உலர்த்தி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு உதவி. கடையில் ஒரே நாளில் வந்த சோடா, கண்ணாடியில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று, தேதி எழுதித் தனியே வையுங்கள். தம்பி கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து. பொங்கலுக்கு வரும்போது திறந்து பார்ப்போம்.

உங்கள் மகன்