தம்பிக்கு அம்மா எழுதுறது

கண்ணு,

சாப்டியா, உடம்பு நல்லா இருக்கா. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு பிரஷர் பரவால்ல. நீ பினாங்குல இருந்து திஞ்சானுக்கு, நம்ம பர்மா புதுவருஷத் தண்ணித் திருவிழாவுக்கு, வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டதுக்கு நான் பதில் போடலன்னு கோவிச்சுக்கிட்டுதான் போனை எடுக்க மாட்டேங்குறன்னு தெரியும், பெத்தவகிட்ட இவ்ளோ வீம்பு ஆகாதுடா. போன்ல பேச வேணாம்னுதான் இதை எழுதி சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர்கிட்ட குடுத்து விடுறேன். படிச்சுட்டு கிழிச்சுப் போட்ரு. உன் அடையாளக் கார்டு எப்பவும் பையில இருக்கட்டும்.

நீ மோல்மேன் யுனிவர்சிட்டில மரைன் சயின்ஸ் படிச்சப்ப எழுதின நோட்டு என்கிட்டதான் இருக்கு. பாதி பர்மீஸ், பாதி எனக்குப் புரியணும்னு தமிழ்ல எழுதி வச்சிருக்க. எந்தப் புள்ள அம்மாவுக்காக அப்படி எழுதும், நான் அதை எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன். குழம்புக்கு வாங்குன கத்தாழை மீன் தலைய ஒடைச்சு மூளைக்குக் கீழ இருந்து ரெண்டு வெள்ளக் கல்லு எடுத்து என் கையில வச்சியே, ஒரு பக்கம் வழவழன்னு, இன்னொரு பக்கம் முண்டும் முடிச்சுமா, இது மீனோட காதுக்கல்லும்மா, குஞ்சா இருக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு வளையம் விழும்னு சொன்ன. அந்தக் கல்லு சாமி ரூம்ல குங்குமச் சிமிழ்ல இருக்கு.

பாப்புவா நியூகினியில கிம்பே தீவுல பண்ண ஆராய்ச்சி, 2007ல வந்ததுன்னு குறிச்சிருக்க. தாய் மீனுக்கு பேரியம் ஊசி போட்டு விட்டாங்களாம், அந்த அடையாளம் முட்டை வழியா குஞ்சோட காதுக்கல்லுல எறங்கிருமாம். கோமாளி மீன் குஞ்சு 10, 12 நாளு, வண்ணாத்தி மீன் குஞ்சு ஒரு மாசத்துக்கு மேல, நடுக்கடல்ல அலைஞ்சுட்டு வருது. அந்தத் தீவுப் பவளப்பாறையில புதுசா வந்து சேர்ந்த குஞ்சுகள்ல கிட்டத்தட்ட 60 சதவீதம் அங்கயே பொறந்ததாம். மிச்சம் 40, வேற பாறையில பொறந்து இங்க வந்து ஒட்டிக்கிட்டது. அதுவும் இந்தப் பாறையிலயே தின்னு வளருது. எனக்கு அந்த 40தான் மனசுல நிக்குது கண்ணு.

குஞ்சுங்க பாறையோட வாசனை தெரிஞ்சு வருது, சத்தம் கேட்டும் வருது. ஆஸ்திரேலியாவுல லிசர்ட் தீவுப் பக்கம் ராத்திரி ஸ்பீக்கர் வச்சு பாறைச் சத்தத்தை ஓடவிட்டா சத்தம் வந்த பாறையிலதான் நெறைய குஞ்சு வந்து சேந்துச்சுன்னு எழுதியிருக்க. ஆனா அதுக்கடுத்த பக்கத்துல நீயே சிவப்பு மையில கோடு போட்ருக்க, வந்து சேர்ந்த மொத ரெண்டு நாள்லயே பாதிக்கு மேல பெரிய மீனுங்க தின்னுருதாம். அத்தன நாள் கடல்ல தப்பிச்சு வந்தது, வந்து சேர்ற எடத்துல போயிருது. நீ எழுதுனதுதானே, மறந்துட்டியா?

போன வாரம் வார்டு ஆபீஸ்ல இருந்து வந்து வீட்டுல யார் யார்னு மறுபடி எழுதிட்டுப் போனாங்க. வெளியூர்ல வேலைன்னு சொன்னேன். எதிர்வீட்டு டீச்சர் மகன் பேரு பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற சீட்டுல வந்துருச்சு, உன்ன விட ஒரு வயசு சின்னவன். அவங்க வீட்டுல அடுப்பு எரியல. அதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

கார்டினல் மீனு மாதிரி பண்ணாத, அதை ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டு போய் விட்டாலும் நெறைய மீனு அதே பழைய பொந்துக்கே வந்து நின்னுச்சாமே. உனக்கும் அந்தப் புத்திதான், அஞ்சாவது படிக்கும்போது அத்தை வீட்டுல விட்டுட்டு வந்தா ராத்திரியே நடந்து வந்தவன்தானே. அப்ப அப்பா அடிச்சாரு, நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். இப்ப அந்தப் புத்தி வேணாம். பாறைக்கு வந்த சின்ன டேம்சல் மீனு ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ளயே சுத்துமாம், பொந்தை விட்டு ரொம்ப விலகாதாம், வளர வளரத்தான் எல்லை பெருசாகும். பினாங்குல நீயும் அப்படி இரு. ரூம், பண்ணை, கோயில், அவ்வளவுதான். ராத்திரி வெளிய சுத்தாத, கார்டு பையில இருக்கட்டும்.

பணம் கொஞ்சமா அனுப்பு, வாடகை முன்கூட்டியே கட்டி வை. அக்கா உனக்காக ஊறுகா போட்ருக்கா, அதுவும் இவர்கிட்டயே வருது. அம்மா உன்னப் பாக்க வேணாம்னு சொல்றேன்னு மட்டும் நெனச்சுராதடா.

டிக்கெட் போட்ருந்தா இன்னைக்கே கேன்சல் பண்ணு, காசு போனாப் போகட்டும். பண்ணிட்டேன்னு அக்கா நம்பருக்கு ஒரு வரி போடு, வேற எதுவும் எழுத வேணாம்.

அம்மா